மட்டக்களப்பில் இரண்டு பழைய கார்களுக்கு வீட்டு வளவில் கராஜ் கட்டுவதென்றால் எப்படித் திட்டமிட வேண்டும்?

களுவாஞ்சிகுடியில் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 250 மீற்றர் தூரத்தில் 15 பேர்ச் வளவு இருப்பதாகவும், ஒரு மொறிஸ் மைனர் 1000, ஒரு வொக்ஸ்வாகன் பீட்டில் ஆகிய இரண்டையும் நிறுத்தி, ஓய்வு நாட்களில் நீங்களே வேலை செய்யக்கூடிய கராஜ் ஒன்றைத் தை பிறந்தவுடன் கட்டத் தொடங்க இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு பெரிதாகக் கட்டுவது, காரின் அடியில் நின்று வேலை செய்ய நிலத்தில் குழி வைக்கலாமா, கூரைக்கு எது நல்லது என்பவை உங்கள் கேள்விகள். நான் ஆரையம்பதியில் 2016ஆம் ஆண்டு இதே நோக்கத்துக்காக ஒரு கராஜைக் கட்டி, அதில் பாதியை இரண்டு வருடங்களின் பின்னர் இடித்துத் திருத்தியவன். ஆகவே, கட்டிடக் கலைஞர் ஒருவரின் பதிலை எதிர்பார்க்காமல், காசைக் கொட்டிப் பிழைவிட்ட ஒருவரின் பதிலாக இதை வாசியுங்கள்.

அந்தப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மைனர் இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு கிடுகுக் கொட்டிலில் நின்றது. கொட்டிலின் நான்கு பக்கமும் திறந்திருக்கும். நிலத்துக்குக் கிறவல் போட்டு இறுக்கியிருந்தார். மாரியில் வாடைக்காற்றோடு வரும் சாரலைத் தடுக்க வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கிடுகுத் தட்டி கட்டுவார். நான் அந்தக் கொட்டிலை அகற்றி, நான்கு பக்கமும் புளொக் கல் சுவர் எழுப்பி, றோலர் கதவும் போட்டு, இனி மழையும் உப்புக்காற்றும் காரை அண்டாது என்ற நம்பிக்கையில் பூட்டி வைத்தேன். இரண்டாவது மாரி முடிந்தபோது கதவுகளுக்குக் கீழுள்ள அடிச்சட்டத்திலும், பின் ஸ்பிறிங் பட்டைகளைத் தாங்கும் இடத்திலும், அப்பாவின் காலம் முழுவதும் கண்டிராத அளவு துரு ஏறியிருந்தது.

காரணம் மிகவும் எளிமையானது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் காற்றோடு வரும் உப்புத் துகள்கள் தகட்டின் மேல் படிகின்றன. அந்த உப்பு, மழை பெய்யாத நாளிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உவர்நீர்ப் படலமாகத் தகட்டோடு ஒட்டிக்கொள்கிறது. காற்றோட்டம் உள்ள இடத்தில் அந்தப் படலம் பகலில் உலர்ந்துவிடும். பூட்டிய அறையிலோ, நிலத்திலிருந்து மேலேறும் ஈரமும், நனைந்து வந்த காரின் ஈரமும் வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கடைகளில் விற்கும் காற்றுப் புகாத கார் உறைகளுக்கும், அதைவிட மோசமான தறப்பாளுக்கும் இதே குற்றம் பொருந்தும். தூசிக்காக மூடத்தான் வேண்டுமென்றால் பழைய பருத்திச் சேலை போதும். எனவே, உங்களிடமுள்ள பணத்தில் பெரும்பங்கை நிலத்துக்கும் காற்றுக்கும் ஒதுக்குங்கள். கதவும் கருவிகளும் பின்னர் வரலாம்.

நிலத்தின் உயரத்தை வீதியைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது உங்கள் வளவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அயலில் உள்ள வயதானவர்களைக் கேட்டால், மதிலிலோ கிணற்றுக் கட்டிலோ விரலை வைத்துக் காட்டுவார்கள். அந்த அடையாளத்துக்கு மேல் ஆறு அங்குலமாவது கராஜ் நிலம் இருக்க வேண்டும். அதற்காகக் கொட்டும் கிறவலை ஒரே நாளில் கொட்டி மட்டம் பார்க்காமல், ஆறு ஆறு அங்குலப் படைகளாகப் போட்டு, நனைத்து, இயந்திரத்தால் இடித்து இறுக்கிய பின்னரே அடுத்த படையைப் போட வேண்டும். அதன் மேல் 1000 கேஜ் தடிப்புள்ள பொலித்தீனை, இணைப்புகள் ஓர் அடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, அதற்கு மேல் நான்கு அங்குலக் கொங்கிறீற் போடுங்கள். அந்தப் பொலித்தீன் இல்லாத கொங்கிறீற், கீழேயுள்ள ஈரத்தைத் திரிபோல உறிஞ்சி மேலே கொண்டுவந்துவிடும். நான் மிச்சம் பிடித்தது இந்த ஒரு சுருள் பொலித்தீனின் காசைத்தான். பின்னர் நிலம் முழுவதையும் உடைக்க வேண்டியதாயிற்று.

சீமெந்து, மணல், கல் மூன்றும் ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவை இந்த வேலைக்குப் போதுமானது. மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும். கடற்கரை மணலைக் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஏனெனில் மிச்சமிருக்கும் உப்பு உள்ளேயுள்ள கம்பியைத் தின்று, கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். கதவை நோக்கி 10 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு விட்டால் கழுவிய நீர் தானாக வெளியேறும். வெடிப்பைக் கட்டுப்படுத்த 10 அடிக்கு ஒரு வெட்டுக்கோடு போடச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் ஏழு நாட்கள் ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும். 28 நாட்களுக்கு முன்னர் காரை ஏற்றி ஜாக்கி வைக்கக் கூடாது. மேசன்மார் மூன்றாம் நாளே காரை விடலாம் என்பார்கள். அவர்களுடைய கார் அன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழியைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். நான் ஆவணி மாதத்தில் நாலரை அடி ஆழத்துக்குத் தோண்டியபோது மண் உதிரியாக, பொரித்த ரவைபோல வந்தது. கல் கட்டி, சீமெந்து பூசி, படியும் வைத்து, நண்பர்களை அழைத்துக் காட்டினேன். கார்த்திகையில் எங்கள் வளவின் நிலத்தடி நீர் மேலிருந்து ஒன்றரை அடிக்குள் வந்துவிட்டது. பூச்சு வெடித்து, குழி கிணறாகி, தவளைகளும் குடியேறின. அந்தத் தண்ணீர் மைனரின் வயிற்றுக்கு நேர்கீழே மூன்று மாதங்கள் நின்று ஆவியானதுதான் மேலே சொன்ன துருவுக்கு இரண்டாவது காரணம். தண்ணீர் ஊறாத குழியைக் கட்டினாலும் இன்னோர் ஆபத்து இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. எங்கே பள்ளமோ அங்கே போய்த் தேங்கும். அதற்குள் ஒருவர் கையில் மின்விளக்கோடு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். நான் அந்தக் குழியை மணலால் நிரப்பி மூடிவிட்டேன்.

குழிக்குப் பதிலாக, ஓர் உறுதியான இரும்புச் சாய்தளமும், இரண்டு தொன் ஜாக்கியும், அத்துடன் தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் நான்கு இரும்புத் தாங்கிகளும் இருந்தால், இந்த இரண்டு கார்களிலும் செய்யக்கூடிய வேலை எல்லாவற்றையும் செய்யலாம். தாங்கிக்குப் பதிலாகப் புளொக் கல்லை அடுக்கிக் காரைத் தூக்கி வைக்கும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. அந்தக் கல் எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே படுப்பதும் அதே அளவுக்கு ஆபத்தானது. காரை உயர்த்தும் இரண்டு தூண் ஹொயிஸ்ற் பொருத்தும் எண்ணம் பின்னாளில் வரலாம் என்றால், தூண்கள் நிற்கும் இடங்களில் கொங்கிறீற்றை ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் தடிப்பாக்கி, கம்பியும் போட்டு, கூரையின் உள் உயரத்தை 12 அடியாக வைத்துவிடுங்கள்.

இனி அளவுக்கு வருகிறேன். மைனர் 12 அடி 4 அங்குல நீளமும் 5 அடி 1 அங்குல அகலமும் கொண்டது. பீட்டில் அதைவிட ஓர் அடி நீளம், அகலத்தில் ஏறத்தாழ அதே அளவு. இரண்டு கார்களுக்கும் சேர்த்து அகலத்தில் 10 அடி, பக்கச் சுவர்களோரம் இரண்டரை அடிப்படி 5 அடி, நடுவில் 4 அடி, மீதி ஓர் அடி தட்டுகளுக்கு என்று 20 அடி உள் அகலம் வேண்டும். நீளத்தில் பீட்டிலுக்கு 13½ அடி, பின்சுவரோடு வேலை மேசைக்கு 2 அடி, மேசைக்கும் காருக்கும் இடையில் நின்று திரும்ப 3 அடி, கதவுப் பக்கம் இரண்டரை அடி என்று 21 அடி வரும். மொத்தம் 420 சதுர அடி, அதாவது உங்கள் 15 பேர்ச்சில் ஒன்றரைப் பேர்ச் அளவே. நான்கு அங்குலத் தடிப்புக்கு 1.4 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கொங்கிறீற், ஏறத்தாழ 25 மூடை சீமெந்து என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் மட்டும் நான்கு அடி விடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மைனரின் எஞ்சின் முன்னால், பீட்டிலின் எஞ்சின் பின்னால். இரண்டு எஞ்சின்களும் வேலை மேசையை நோக்கியிருக்க வேண்டுமென்றால் மைனரை நேரே விட்டு, பீட்டிலைப் பின்னோக்கி விட வேண்டும். கதவில் நின்று உள்ளே பார்க்கும்போது மைனர் இடப்பக்கமும் பீட்டில் வலப்பக்கமும் நின்றால், நம் நாட்டின் வலப்பக்க ஓட்டுநர் இருக்கையின்படி இரண்டு கார்களின் ஓட்டுநர் கதவுகளும் அந்த நடு இடைவெளிக்குள்ளேயே திறக்கும். இதை மாற்றி நிறுத்தினால் இரண்டும் சுவரில் முட்டும். இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: மைனரின் பெற்றோல் தாங்கி பின்னால், பீட்டிலினுடையது முன்னால் என்பதால், இரண்டு பெற்றோல் தாங்கிகளும் காற்றோட்டமுள்ள கதவுப் பக்கத்திலும், வெல்டிங்கும் அரைப்பும் நடக்கும் மேசைக்குத் தொலைவிலும் அமைந்துவிடுகின்றன. பீட்டிலின் பற்றரி பின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் அதன் கீழுள்ள தகடு எப்போதும் முதலில் அரிக்கும். அந்தப் பக்கத்துக்கு நேரே ஒரு விளக்கை வைத்தால் அடிக்கடி பார்க்க மனம் வரும்.

கதவைக் கடலுக்கும் வடகிழக்குக்கும் முதுகு காட்டும்படி வையுங்கள். நான் மேற்கு நோக்கி வைத்து, நான்கு அடி தாழ்வாரம் இறக்கியிருக்கிறேன். மாலை வெயில் அடிப்பது உண்மைதான். ஆனால் வைகாசி தொடக்கம் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அந்தக் கதவால் நுழைந்து, மாரியின் ஈரம் முழுவதையும் துடைத்துக்கொண்டு போகிறது. சுவர்களில் துளையுள்ள சீமெந்துக் கற்களை இரண்டு மட்டங்களில் பதிக்க வேண்டும்: நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில் ஒரு வரிசை, கனமான பெற்றோல் ஆவி வெளியேறுவதற்கு, கூரைக்குக் கீழே ஒரு வரிசை, சூடான காற்றுக்கு. இரண்டுக்கும் எலியும் பாம்பும் நுழையாத வலை அடியுங்கள். எலி ஒருமுறை வயர்களைக் கடித்துவிட்டால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ஒரு மாதம் போய்விடும்.

கூரைக்கு என் தெரிவு ஓடுதான். தகரம் இரவில் குளிர்ந்து, அதன் அடியில் பனிநீர் திரண்டு, விடியற்காலையில் காரின் மேல் சொட்டும். போட்டேயாக வேண்டுமென்றால் அடியில் வெப்பத் தடுப்பு விரிப்புத் தேவை. அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்டும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அதை நான் பரிசீலிக்கவே இல்லை. எதைப் போட்டாலும் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை மனதில் வைத்துப் போடுங்கள். பெருங்காற்று றோலர் கதவைப் பிய்த்து உள்ளே நுழைந்ததும், கூரையைக் கீழிருந்து மேலாகத் தள்ளும். எனவே சுவரின் மேல் ஒரு கொங்கிறீற் வளையம் ஓட வேண்டும். அதிலிருந்து வரும் கம்பியால் கூரை மரங்கள் ஒவ்வொன்றையும் கட்ட வேண்டும். ஓடாவி ஆணி போதும் என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். தென்னை மரத்துக்குக் கீழே கட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் கட்டியவர்கள் எங்கள் ஊரில் இருவர் இருக்கிறார்கள்.

மின்சாரத்துக்கு வீட்டின் இணைப்பிலிருந்து கிளை எடுக்காமல், பிரதான பலகையிலிருந்து தனி வயரும், மின் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும், நல்ல ஏர்த் கம்பியும் போடச் சொல்லுங்கள். பிளக்குகள் நான்கு அடி உயரத்தில் இருக்கட்டும்.

கழிவு ஒயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். நிலத்தடி நீர் இத்தனை அருகில் உள்ள மணல் தரையில் அது நேரே உங்கள் கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் போய்ச் சேரும். கலனில் சேர்த்து சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடலாம். கிணற்று நீர் உவர்ப்பேறும் கோடை மாதங்களில் அதைக் கொண்டு காரின் அடிப்பகுதியைக் கழுவுவதும் கூடாது.

அனுமதியைப் பொறுத்தவரை, பிரதேச சபையின் கட்டிட அனுமதி மட்டும் உங்களுக்குப் போதாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் ஆகும். 250 மீற்றரில் உள்ள உங்கள் வளவு அதற்குள் வருகிறது. ஆகவே, கரையோரம் பேணல் திணைக்களத்திலும் விசாரித்து, கடிதம் கைக்கு வந்த பின்னரே கிறவலுக்குச் சொல்லுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கராஜ் வரப்போகும் இடத்தில் மண்வெட்டியால் நான்கு அடி ஆழத்துக்கு ஒரு சிறு கிடங்கு வெட்டி, விழுந்துவிடாதபடி மேலே பலகை போட்டு, அளவுக்கோடு கீறிய ஒரு தடியை உள்ளே நட்டுவிடுங்கள். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதங்களிலும் கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்து வையுங்கள். அந்த அளவையும், அயலவர்கள் காட்டும் 2011 வெள்ள அடையாளத்தையும் இங்கே எழுதினால், எத்தனை லோடு கிறவல் தேவைப்படும் என்பதை நாம் சேர்ந்து கணக்கிடலாம்.