வாசகர் கேள்வி–பதில்: உங்கள் புராஜெக்ட் யாருக்காக?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகளுடையவை. வானியல், இயற்பியல், அப்புறம் போர். மூன்றையும் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்கு, காற்றின் எதிர்ப்போடு பறக்கும் ஒரு பொருளின் பாதையைக் கணிக்கச் சொல்லியிருக்கிறார் என் கைடு. ‘பொருள்’ என்று எழுதியிருந்தாலும் அது ஏவுகணைதான் என்று எல்லோருக்கும் தெரியும். ‘நீ கணக்குத்தானே போடுகிறாய், இதில் என்ன பாவம்’ என்கிறார்கள் விடுதி நண்பர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அளவுக்கு மீறி யோசிக்கிறேனா?
– எம்.எஸ்ஸி. இயற்பியல் மாணவர், திருச்சி

இல்லை தம்பி. யோசிக்க வேண்டிய வயதில்தான் யோசிக்கிறீர்கள்.

கார்ல் ஸ்வார்ட்ஸ்ஷீல்டு என்ற பெயரை ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வகுப்பில் கேட்டிருப்பீர்கள், கருந்துளையின் ஆரத்துக்கே அவர் பெயர்தான். ஜெர்மனியின் போட்ஸ்டாம் வானியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர். 1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது அவருக்கு 40 வயது. யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாகவே போய் ஜெர்மன் ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே அவர் பார்த்த வேலைகளில் ஒன்று, காற்றும் அதன் அடர்த்தியும் பீரங்கிக் குண்டின் பாதையை எப்படி மாற்றும் என்று கணக்கிடுவது. கிட்டத்தட்ட உங்கள் புராஜெக்ட். 1915 டிசம்பரில் ரஷ்யப் போர்முனையில் இருந்தபடியே ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியமான தீர்வைக் கண்டுபிடித்து அவருக்கே கடிதம் எழுதினார். அடுத்த மே மாதம் தோல் நோய் ஒன்றால் இறந்துபோனார், வயது 42. விண்வெளி எப்படி வளைகிறது என்று கண்டுசொன்ன அதே கணிதத் திறமைதான் குண்டு எங்கே விழும் என்றும் கண்டுசொல்லியிருக்கிறது. ஆகவே ‘கணக்குத்தானே’ என்ற வாதம் எனக்குச் செல்லாது. குண்டைக் குறிபார்ப்பதே கணக்குதான்.

அதற்காக அந்தச் சமன்பாட்டைப் படிப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன், கிரிக்கெட் பந்துக்கும் அதுதான், விண்கல்லுக்கும் அதுதான். கைடிடம் போய் மரியாதையாக உட்கார்ந்து கேளுங்கள்: இந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது சார், முடிவுகளை எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிடலாமா, நடுவில் எனக்கு ஒத்துவரவில்லை என்றால் மதிப்பெண்ணுக்குச் சேதமில்லாமல் தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா. பெரும்பாலான ஆசிரியர்கள் இப்படிக் கேட்கிற மாணவனை மதிப்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். கையோடு ஒரு மாற்றுத் தலைப்பையும் கொண்டுபோங்கள். 2013 பிப்ரவரி 15-ஆம் தேதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள், பெரும்பாலும் நொறுங்கி விழுந்த ஜன்னல் கண்ணாடிகளால். கார்களில் பொருத்தியிருந்த கேமராக்களில் பதிவான வீடியோக்களை வைத்தே அதன் பாதையைத் திரும்பக் கணக்கிட்டார்கள். அதே காற்றெதிர்ப்பு, அதே கம்ப்யூட்டர் நிரல், இயற்பியலில் ஒரு துளியும் குறையாது.

நான் படித்த காலத்தில் இப்படிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கொடுத்ததைச் செய்துகொடுத்தேன். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்கக்கூட இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அது உறுத்துகிறது, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: கையில் ரத்தக்கறை படாத ஒரே அறிவியல் வானியல்தான் என்று வகுப்பில் சொல்வது என் வழக்கம். சரிதானே?
– இயற்பியல் ஆசிரியை, நாகர்கோவில்

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது டீச்சர். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ரேடார்கள் திடீரென்று இரைச்சலில் மூழ்கின. ஜெர்மானியர்களின் வேலை என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். ஜேம்ஸ் ஹே என்பவர் ஆராய்ந்து பார்த்தால், இரைச்சல் வரும் திசை சூரியனோடு சேர்ந்தே நகர்கிறது. சூரியன் ரேடியோ அலைகளை வீசுகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது, அதுவும் போர் முடிந்த பிறகுதான் வெளியுலகுக்கு வந்தது. 1946-இல் சூரியனின் புற ஊதா நிறமாலையை முதல்முறையாகப் படம்பிடித்தது ஜெர்மனி போருக்காக உருவாக்கிய வி-2 ரக ராக்கெட் ஒன்று. லண்டன்மீதும் ஆண்ட்வெர்ப்மீதும் விழுந்த அதே ரகம், வதைமுகாம் கைதிகளைக் கொத்தடிமைகளாக வைத்துச் செய்தது. விண்வெளியில் நிகழும் காமா கதிர் வெடிப்புகளைக் கண்டுபிடித்ததும் வானியலாளர்கள் இல்லை. அணுகுண்டுச் சோதனைகளுக்குக் கட்டுப்பாடு விதித்த 1963 ஒப்பந்தத்தை மீறி யாராவது ரகசியமாக அணுகுண்டு சோதிக்கிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள்தான் 1967 ஜூலை 2-இல் அப்படி ஒரு காமா கதிர் வெடிப்பை முதலில் பதிவு செய்தன. கட்டுரையாக வெளிவந்தது 1973-இல்.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். தன் துறை சுத்தமானது என்று நம்பி வளர்கிற மாணவருக்குக் கேள்வி கேட்கும் பழக்கமே வராமல் போய்விடும்.

கேள்வி: முதுகலை முடித்துவிட்டு வானியலில் ஆய்வு செய்ய ஆசை. மாணவியாக இருக்கும்போதே ஏதாவது பெரிதாகக் கண்டுபிடிக்க முடியுமா, இல்லை கைடின் எடுபிடியாகவே காலம் போய்விடுமா?
– மாணவி, மதுரை

முடியும். ஜோஸ்லின் பெல் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. மாணவி. வெகு தொலைவில் பிரகாசமாக ஒளிரும் குவேசார்களை ஆராய்வதற்காக நாலரை ஏக்கரில் ஒரு ரேடியோ தொலைநோக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள், மைல்கணக்கில் கம்பி. சம்மட்டி பிடித்து அடித்தவர்களில் அவரும் ஒருவர். 1967 ஜூலையில் அது இயங்கத் தொடங்கியதும் நாள்தோறும் சுமார் 30 மீட்டர் நீளக் காகிதச் சுருள், அத்தனையையும் கண்ணால் பார்த்து அலச வேண்டிய பொறுப்பு அவருடையது. அதில் கால் அங்குல அகலத்துக்கு ஒரு கிறுக்கல் மாதிரி இருந்தது. விண்மீனாகவும் தெரியவில்லை, மனிதர்கள் உண்டாக்கும் குறுக்கீடாகவும் தெரியவில்லை. அவர் அதை விடவில்லை. நவம்பர் இறுதியில் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது 1.33 நொடிக்கு ஒரு துடிப்பு வரிசையாக விழுந்தது. அதுதான் முதல் பல்சர். சுழலும் நியூட்ரான் விண்மீன் என்பது பிற்பாடு தெரிந்தது. அவருடைய ஆய்வேட்டில் இந்தக் கண்டுபிடிப்பு ஒரு பின்னிணைப்பாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் பதிவு செய்த தலைப்பு வேறு! 1974-இல் நோபல் பரிசு அவருடைய கைடு ஆன்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. அது நியாயமில்லை என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். 2018-இல் வேறொரு பரிசாகக் கிடைத்த 30 லட்சம் டாலரை, இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த பிரிவுகளிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களுக்கே கொடுத்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 1967-இல் அலாஸ்காவில், சோவியத் ஏவுகணைகள் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க ரேடார் ஒன்றில், துடிக்கும் சைகைகளை ஒரு விமானப்படை வீரர் கவனித்திருக்கிறார். தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வருவதைப் பார்த்து, இது விண்மீன்களோடு சேர்ந்து நகரும் ஏதோ ஒன்று என்று சரியாகவே ஊகித்திருக்கிறார். ராணுவ ரகசியம் என்பதால் வெளியே சொல்ல முடியவில்லை. அந்த ரேடார் ஓய்வு பெற்ற பிறகு 2007-இல்தான் பேசினார். கூர்மையான கண் இரண்டு பேருக்கும் இருந்தது. ஒருவர் கண்டது 1968 பிப்ரவரியில் உலகத்துக்கே சொந்தமானது, மற்றவர் கண்டது 40 வருடம் அவருக்குள்ளேயே கிடந்தது. ஆய்வுக்கு எங்கே சேரலாம் என்று தேடும்போது இதையும் யோசியுங்கள்.

கேள்வி: எடிங்டன் என்றாலே எனக்குக் கோபம் வரும். நம் சந்திரசேகரை எல்லோர் முன்னாலும் மட்டம்தட்டியவர். அவரைப் போய் மனசாட்சியின் உதாரணமாகச் சொல்கிறார்களே?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சென்னை

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எடிங்டன் அப்போது பிரிட்டனின் பெரிய வானியலாளர், சந்திரசேகர் இளைஞர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930-இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், பயணத்திலேயே வெண்குள்ள விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டுவிட்டார். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் அதைக் கேலி செய்தது தவறு. தவறென்று காலமும் காட்டிவிட்டது.

ஆனால் இன்னொரு எடிங்டனும் இருக்கிறார். போரை ஏற்காத க்வேக்கர் என்ற கிறிஸ்தவ மரபில் வந்தவர், 1918-இல் கட்டாய ராணுவச் சேவைக்குப் போக வேண்டிய நிலை வந்தபோது மனசாட்சிப்படி மறுக்கிறேன் என்று தீர்ப்பாயத்தின் முன் நின்றார். கிரகண ஆய்வைத் தொடர வேண்டும் என்ற நிபந்தனையில்தான் விலக்குக் கிடைத்தது. 1919 மே 29, ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிப்பி தீவு, முழுச் சூரிய கிரகணம். எதிரி நாட்டுத் தலைநகரில் உட்கார்ந்து ஐன்ஸ்டைன் எழுதிய கோட்பாட்டை ஒரு ஆங்கிலேயர் கடல் கடந்து போய்ச் சோதித்தார். பகை ஆறாத அந்த நாட்களில் அது சின்ன விஷயமில்லை.

சந்திரசேகரும் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் அபர்தீன் ராணுவ ஆய்வுக்கூடத்தில் அதிர்ச்சி அலைகள் பற்றி வேலை செய்தவர்தான். எதிரே நின்றது ஹிட்லர். எடிங்டன் சரி, சந்திரசேகர் தப்பு என்று என்னால் கோடு கிழிக்க முடியாது. 1982-இல் எடிங்டனின் நூற்றாண்டுக்காகக் கேம்பிரிட்ஜில் அவரைப் போற்றிச் சொற்பொழிவாற்றியவரும் சந்திரசேகரேதான்.

கேள்வி: உள்ளே போய்விட்டால் வெளியே வர முடியுமா? அணுகுண்டுத் திட்டத்திலிருந்து யாராவது விலகினார்களா?
– பொறியியல் மாணவர், ஈரோடு

இயற்பியலாளர் ஜோசப் ராட்பிளாட் விலகினார். ஜெர்மனி அணுகுண்டு முயற்சியைக் கைவிட்டுவிட்டது என்று தெரிந்ததும், நான் வந்த காரணமே இல்லையே என்று 1944 இறுதியில் அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வுக்கூடமான லாஸ் அலமோஸை விட்டுக் கிளம்பினார். பிறகு மருத்துவ இயற்பியலுக்குப் போனார், 1957-இல் அணு ஆயுத ஆபத்தைப் பற்றி விஞ்ஞானிகள் கூடிப் பேசும் பக்வாஷ் மாநாடுகளைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், 1995-இல் அமைதிக்கான நோபல் கிடைத்தது.

மாணவர்களாலும் முடியும். 1969 மார்ச் 4-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் பேராசிரியர்களும் ஒருநாள் ஆய்வை நிறுத்திவிட்டு, நம் அறிவு எதற்குப் பயன்படுகிறது என்று உட்கார்ந்து பேசினார்கள். அப்பல்லோவை நிலவுக்கு வழிநடத்திய கணினியை வடிவமைத்த ஆய்வுக்கூடம் அங்கேதான் இருந்தது, நீர்மூழ்கிக் கப்பல் ஏவுகணைகளுக்கு வழிகாட்டும் கருவிகளும் அதே கூடத்தில்தான் உருவாயின. தொடர்ந்து எழுந்த எதிர்ப்பால் 1973-இல் அந்தக் கூடம் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஏவுகணை வேலை நின்றுவிடவில்லை, வேறு பெயரில் நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: இயற்பியல் துறையும் தத்துவத் துறையும் சேர்ந்து போர் அறம் பற்றி ஒரு மாணவர் கருத்தரங்கு நடத்தப்போகிறோம். எங்கிருந்து தொடங்கலாம்?
– மாணவர் குழு, கோவை

இந்த மாதம் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இதுதான். போர் அறத்தில் இரண்டு கேள்விகள் தனித்தனி: போருக்குப் போனது நியாயமா, போரை நடத்திய விதம் நியாயமா. இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள், இயற்பியல் அங்கேதான் நேராக நுழைகிறது. போரில் பாதிக்கப்படுவோரைக் காப்பதற்கான ஜெனிவா ஒப்பந்தங்களோடு 1977-இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 36-ஆம் பிரிவு, புதிய ஆயுதம் எதையும் கைக்கொள்ளும் முன் அதன் பயன்பாடு சட்டப்படி தடைசெய்யப்பட்டதா என்று நாடுகள் ஆராய வேண்டும் என்கிறது. அந்த ஆயுதம் எங்கே விழும், எவ்வளவு தூரம் சிதறும் என்று சொல்லத் தெரிந்தவர் இல்லாமல் இதை எப்படி ஆராய்வது?

கூடவே புறநானூற்றின் 9-ஆம் பாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பசுக்களும், பார்ப்பனரும், பெண்களும், நோயாளிகளும், பிள்ளை பெறாதவர்களும் பாதுகாப்பான இடம் போய்ச் சேருங்கள், அம்பு விடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டுப் போரிடும் முதுகுடுமிப் பெருவழுதியைப் பற்றி நெட்டிமையார் பாடியது. யாரைக் காக்க வேண்டும் என்ற அந்தப் பட்டியலோடு நமக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், அதையும் விவாதியுங்கள்.

பிறகு பலகையில் ஒரு கணக்கு. 300 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊரை நோக்கி 45 பாகையில் ஏவிய ஏவுகணை, காற்றின் எதிர்ப்பு இல்லை என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும்? பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலே போதும். நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம் என்று விடை வரும். திருச்சித் தம்பியையும் கூப்பிடுங்கள், காற்றின் எதிர்ப்பைச் சேர்த்து அவர் திருத்தித் தருவார். அந்த நான்கு நிமிடத்தை நடுவில் எழுதிவைத்துவிட்டு, உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு நோயாளியைக் கீழே இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.