வெள்ளத்தில் நனைந்து கெட்டுப்போன பழைய கணினி போர்டிலிருந்து அரிய ஐசிக்களை (சிப்களை) எப்படிக் கண்டுபிடித்து எடுப்பது?

முதலில், அந்த போர்டை மொட்டை மாடி வெயிலில் காய வைக்காதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் ஓய்ந்ததும் கடலூரில் நனைந்த பொருளையெல்லாம் வெயிலில்தான் பரப்பினோம். பழைய போர்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. நடுவில் சிறிய கண்ணாடிச் சன்னல் உள்ள ஐசி இருந்தால் அது ஈப்ராம், அதாவது புற ஊதா ஒளி பட்டால் அழியும் நினைவக ஐசி. சன்னலை மூடியிருந்த ஸ்டிக்கர் ஈரத்தில் உரிந்துபோயிருக்கும். நேரடி வெயில் ஒரு வாரம் பட்டாலே உள்ளே எழுதியது அழிந்துவிடலாம். 2764 போன்ற வெற்று ஈப்ராமை இன்றும் வாங்கலாம். அதில் அன்று ஒருவர் எழுதி வைத்த நிரலை எங்கே வாங்குவது? உடனே கறுப்பு டேப் ஒட்டி மூடுங்கள். உப்பும் சேறும் போக டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். அதுவரை மின்சாரம் கொடுக்கவே கூடாது.

அடுத்து, ஐசியின் முதுகைச் சாய்வான வெளிச்சத்தில் படியுங்கள். 8432 என்றிருந்தால் அது 1984-ன் 32-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். தேதியையும் மாடல் எண்ணையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல ஐசிக்கள் குப்பைக்குப் போகின்றன. 8271 என்று கண்டால் நிதானியுங்கள். ஆண்டுக்கு 71 வாரம் கிடையாது. அது ஃப்ளாப்பி டிஸ்க்கை இயக்கும் இன்டெல்லின் கன்ட்ரோலர் ஐசி. 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினிகளில், டிஸ்க் வசதி உள்ளவற்றில் இதைப் பார்க்கலாம். இன்று தேடினாலும் எளிதில் அகப்படாது. அதே போர்டிலுள்ள யூஎல்ஏ அந்தக் கணினிக்கென்றே செய்த ஐசி, கட்டாயம் காப்பாற்றுங்கள். 74-ல் தொடங்கும் சாதாரண ஐசிக்களுக்கு மெனக்கெட வேண்டாம்.

போர்டைப் பழுது பார்க்கும்போது ஐசியின் காலை வெட்டிப் போர்டைக் காப்பாற்றுவோம். இங்கே தலைகீழ்: போர்டு போனால் போகட்டும். ஒவ்வொரு காலிலும் புது ஈயம் சேர்த்து உருக்கி, பிறகு ஈயம் உறிஞ்சும் பம்பால் உறிஞ்சுங்கள். கால் துளைக்குள் லேசாக அசைந்தால்தான் விட்டது என்று அர்த்தம். அசையாவிட்டால் நெம்பாதீர்கள், சுற்றியுள்ள போர்டை அறுத்தெடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாக நிதானமாக விடுவியுங்கள். சாக்கெட்டில் இருப்பதையும் எளிது என்று நினைக்கக் கூடாது. நம் கடற்காற்றில் கறுத்த கால்கள் உடலோடு சேரும் இடத்தில் பட்டென்று முறியும். இரு முனைகளிலும் மாறி மாறி, மயிரிழை அளவாக உயர்த்துங்கள்.

எடுத்ததைத் தெர்மகோலில் குத்தி வைக்காதீர்கள், நிலைமின்சாரம் கொன்றுவிடும். கறுப்பு ஆன்டி ஸ்டாட்டிக் ஃபோம் போதும்.