கம்பெனிக்குப் பெயர் அப்புறம் வைக்கலாம்

அம்மா, போன வாரம் உங்கள் மகனோடு என்னிடம் வந்தபோது நீங்கள் கண்கலங்கியது இன்னும் மனசிலேயே இருக்கிறது. "வேலைக்குப் போக மாட்டேன், தொழில்தான் என்கிறான். என்ன தொழில் என்றால், அர்த்தமுள்ளதாக ஏதாவது என்கிறான்" என்றீர்கள்.

அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கம்பெனிக்கு நான்கு பெயர்கள், கலர் பென்சிலில் ஒரு லோகோ. யாருக்காக இந்தத் தொழில் என்று ஒரு வரி இல்லை. ஆனால் அப்பாவின் பம்புசெட் மோட்டார் இந்த வருஷம் மூன்று தடவை காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள், எரிந்த கதையைச் சொன்னபோது தம்பியின் குரலே மாறிவிட்டது. மோட்டாருக்கு மின்சாரம் வரும் மூன்று பேஸில், அதாவது மூன்று கம்பிகளில், ஒன்று போய்விட்டால் மற்ற இரண்டில் கரண்ட் ஏறிக் காயில் கருகுவதை என் மேஜை மேல் விரலால் வரைந்து காட்டினார். அவர் தேடுவது அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கோவை அருணாசலம் முருகானந்தம் 1998ல் கல்யாணமான புதிதில், மனைவி மாதவிலக்குக்காகப் பழந்துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்தார். கடையில் நாப்கின் வாங்கினால் பால் செலவில் கைவைக்க வேண்டும் என்றார் மனைவி. பஞ்சில் செய்து பார்த்தார், சரிவரவில்லை. கம்பெனிக்காரர்கள் மரக்கூழ் நாரைப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஊர் தப்பாகப் பேசியது, மனைவியும் கொஞ்ச காலம் பிரிந்திருந்தார். கடைசியில் மலிவான இயந்திரம் செய்து மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். 2016ல் பத்மஸ்ரீ கிடைத்தது. யாருக்காகச் செய்கிறோம் என்பது கண்முன்னே இருந்ததால்தான் அத்தனையையும் தாங்கியிருப்பார்.

தம்பியை ஒரு மாதம் உங்கள் ஊர்க் காயில் கட்டும் கடையில் உட்காரச் சொல்லுங்கள். வருகிற ஒவ்வொரு மோட்டாரும் ஏன் எரிந்தது, கட்ட எவ்வளவு ஆனது, எத்தனை நாள் பயிர் தண்ணியில்லாமல் கிடந்தது என்று அதே நோட்டில் எழுதட்டும். பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி ஏற்கெனவே கடையில் கிடைக்கிறது. அப்படியிருந்தும் பலர் கன்டென்சர் என்ற சின்னக் கருவியைப் போட்டு மீதி இரண்டு பேஸிலேயே ஓட்டுகிறார்கள். ஏன் என்று அவர்களிடமே கேட்கட்டும். அந்தப் பதிலில்தான் தொழில் இருக்கிறது.

கடனைப் பற்றி இப்போது பயப்படாதீர்கள், நிலத்தையும் அடமானம் வைக்காதீர்கள். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு, மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். அங்கேயும் வங்கியிலும் முதலில் கேட்பது, யார் வாங்குவார்கள் என்றுதான்.

அடுத்த மாதம் அந்த நோட்டோடு இரண்டு பேரும் வாருங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டி வாருங்கள்.