ஆச்சியிடம் கேளுங்கள்: வண்டி எங்கே இருக்கிறது?

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில், சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வளவில் நடக்கும் வாசிப்பைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். கிரேக்கர், பௌத்தர், அரபியர் என்று பழைய தத்துவ நூல்களை அக்கம்பக்கத்தாரோடு படிக்கிறோம் என்று சொன்னதற்கு இத்தனை கடிதங்கள். இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: பட்டம் வாங்கியவர்களுக்கே தத்துவம் தலையில் ஏறுவதில்லை. பலகாரம் சுற்றுகிறவரிடமும் ஆசாரியிடமும் அரிஸ்டாட்டிலை எப்படிச் சொல்கிறீர்கள்? (வாசகி, பள்ளத்தூர்)

முதல் வருஷம் தப்பாகத்தான் சொன்னேன். சாக்ரடீஸ், அவர் மாணவர் பிளேட்டோ, அவர் மாணவர் அரிஸ்டாட்டில் என்று வம்சாவளி மாதிரி அடுக்கினேன். மூன்றாவது வாரம் நாலு பேர்தான் மிச்சம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கேள்வியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிப்போட்டால் பிள்ளைகள் முகம் எப்படி வாடும் என்று தெரிந்திருந்தும் அதையே செய்தேன்.

அப்புறம் மிலிந்தனை எடுத்தோம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டர்தான் ‘மிலிந்த பன்ஹா’ என்ற பாலிமொழிப் பௌத்த நூலில் மிலிந்தன். நாகசேனர் என்ற பிக்குவிடம் பெயர் கேட்கிறான். ‘நாகசேனன் என்று கூப்பிடுகிறார்கள், ஆனால் அது பெயர் மட்டும்தான், அப்படி ஓர் ஆள் உள்ளே இல்லை’ என்கிறார் பிக்கு. அரசன் விடவில்லை. சரி, நீ எதில் வந்தாய் என்று அவனையே திருப்பிக் கேட்கிறார். தேரில் வந்தேன் என்கிறான். ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார். எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்திருக்கும்போது ‘தேர்’ என்று ஒரு பெயர் வழங்குகிறது, அவ்வளவுதான். (எங்கள் ஐயா தொழிலுக்காகக் கொண்டுவிக்கப் போன பர்மாவில் இந்த நூலைப் பௌத்த மறையான திரிபிடகத்தோடேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.)

இதைப் படிப்பதற்கு முன்னால் எல்லாரையும் கொல்லைப்புறக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். அங்கே எங்கள் பழைய வில்வண்டி கிடக்கிறது. ஒரு சக்கரம் கழன்று சுவரில் சாய்ந்திருக்கிறது, கடையாணி துருப்பிடித்துத் தரையில் கிடக்கிறது. நுகத்தடியைத் தொட்டு ‘இது வண்டியா?’ என்றேன். இல்லை என்றார்கள். அச்சு? இல்லை. அப்போது கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்துகொடுக்கிற ஒருவர் சொன்னார்: “மாடு பூட்டி ஊருக்குப் போனாத்தானே ஆச்சி வண்டி? இது இருபது வருஷமாப் படுத்துக் கிடக்கு. இதை வண்டிங்கிறதே பழக்கதோஷம்.” பக்கத்தில் நின்ற ஆசாரிக்கு அது பொறுக்கவில்லை. “சாமான் எல்லாம் இங்கதான் இருக்கு. சேர்மானம்தான் இல்ல. சேர்த்துட்டா வண்டிதான், ஓடினா என்ன, ஓடாட்டி என்ன” என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பொருள் இன்னதாக இருப்பது அது செய்கிற காரியத்தாலா, உருவத்தாலா என்று அரிஸ்டாட்டில் பல நூல்களில் மல்லுக்கட்டுகிறார். பார்வை போன கண் பெயருக்குத்தான் கண், கல்லில் செதுக்கிய கண் மாதிரி என்று உயிரைப் பற்றிய நூலில் எழுதுகிறார். பலகாரக்காரர் சொன்னதும் அதேதான். அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்து அந்தப் பத்தியைத் தமிழில் படித்தபோது யாரும் கொட்டாவி விடவில்லை. “கண்ணுக்குச் சொன்னது வண்டிக்கும் சரியா வருதே” என்று ஆசாரியிடம் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: எல்லாம் நம் முன்னோர் சொன்னதுதானே? கிரேக்கனிடமும் அரபியனிடமும் போவானேன்? (வாசகர், குன்றக்குடி)

கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். நம் நூல்கள்மேல் எனக்கும் அந்தப் பாசம் உண்டு, அதனால் நம் நூலிலிருந்தே சொல்கிறேன். மணிமேகலை வஞ்சி நகரில் தவசி வேடத்தில் போய் அளவைவாதி, சைவவாதி, ஆசீவகன், சாங்கியன், பூதவாதி என்று ஒவ்வொருவரையும் அவரவர் கொள்கையைச் சொல்லவைத்துக் கேட்கிறாள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான் என்று அவள் போகாமல் இருந்திருந்தால் அந்தக் காதையே இருந்திருக்காது.

பின்னால் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் சொல்கிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. அந்த அடுக்களையைக் கவனியுங்கள். ‘திட்டாந்தம்’ என்று அதற்குப் பெயர். கண்ணால் கண்ட ஒன்றைக் காட்டியாக வேண்டும், அது வாதத்தின் ஓர் உறுப்பு. அரிஸ்டாட்டிலின் முறையில் பொதுவிதி ஒன்று, அதில் அடங்கும் செய்தி ஒன்று, இரண்டும் சேர்ந்தால் முடிவு. எடுத்துக்காட்டுக்கு அங்கே இடம் கிடையாது. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போய்விடும். வித்தியாசத்தைப் பார்த்த பிறகுதான் மணிமேகலையின் அடுக்களை எனக்கே பெரிதாகத் தெரிந்தது.

எங்கள் அடுப்படியில் இதைப் பேசும்போது இட்லிக் கொப்பரை வெந்துகொண்டிருந்தது. “அதுலயும்தான் புகை மாதிரி வருது, அது ஆவிதானே” என்றார் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர். அதே காதையில் பதில் இருக்கிறது: ஆவியோ பனியோ என்ற சந்தேகம் தீராமலே புகை என்று துணிந்து நெருப்பைச் சாதிப்பது குற்றம். புத்தகத்தைப் புரட்டி அந்த இடத்தைக் காட்டினேன். அவர் தன் கையாலேயே அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

கேள்வி: மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பைப் படிக்கிறீர்களே, மூலம் தெரியாமல் தத்துவம் பேசலாமா? (கல்லூரி மாணவர், தேவகோட்டை)

மூலம் தெரிந்தால் நல்லதுதான், நீங்கள் படிக்கிற வயதில் இருக்கிறீர்கள், படியுங்கள். ஆனால் தத்துவம் பெரும்பாலும் கைமாறித்தான் வந்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிரேக்க நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபியிலும் பெயர்த்தார். ஒரே நூலின் பல ஏடுகளைச் சேர்த்து, ஒப்பிட்டு, பிழை திருத்திய பிறகே மொழிபெயர்ப்பில் கைவைப்பாராம். கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிய தருக்க நூல் ஒன்றைத் தேடி அலெக்சாண்டிரியா வரை அலைந்தார். டமாஸ்கஸில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது. ஸ்பெயின் பக்கம் கோர்டோபாவில் வாழ்ந்த தத்துவஞானி இப்னு ருஷ்து (1126–1198) அரபியில் அரிஸ்டாட்டிலுக்கு எழுதிய உரைகள் பிறகு லத்தீனுக்குப் போய், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாயின. அவருக்குக் கிரேக்கம் தெரியாது. அரபி மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டுதான் அத்தனை உரையும் எழுதினார்.

நம் பக்கமும் பாருங்கள். கோவிலூர் மடத்தில் வேதாந்தத்தைத் தமிழிலேயே பாடம் கேட்ட பரம்பரை இருக்கிறது. அங்கே பாடமாக இருந்த கைவல்ய நவநீதத்தின் இரண்டாம் பகுதிக்குப் பெயரே ‘சந்தேகம் தெளிதல் படலம்’. மாணவன் கேட்கக் கேட்க குரு சொல்கிறார். அதை 1850களில் கார்ல் கிரௌல் என்ற ஜெர்மானியர் ஜெர்மனில் பெயர்த்து லைப்சிக்கில் அச்சிட்டார். மூலம் தெரியாதவர்கள் படிக்கக்கூடாது என்றால் அந்த ஜெர்மன் வாசகருக்கு அது கிடைத்தே இருக்காது.

கேள்வி: பெயர்கள் வாயில் நுழையவில்லையே? (வாசகி, கண்டனூர்)

நுழைகிற மாதிரி சொல்லுங்கள். மெனாண்டர் மிலிந்தனானார், அரபியில் எழுதிய தத்துவஞானி இப்னு சீனா லத்தீனில் அவிசென்னா ஆனார்.

கேள்வி: என் பேத்திக்குப் பதினோரு வயது. அவளைக் கூட்டிவரலாமா? (வாசகர், கோட்டையூர்)

கூட்டி வாருங்கள். போன மாதம் இப்னு சீனாவின் (980–1037) ஒரு கற்பனையைப் படித்தோம். ஒருவன் முழு ஆளாகவே திடீரென்று படைக்கப்பட்டு வெட்டவெளியில் மிதக்கிறான். கண் மூடியிருக்கிறது. கைகால்கள் ஒன்றையொன்று தொடவில்லை, காற்றுகூடத் தெரியவில்லை. தான் இருப்பது அவனுக்குத் தெரியுமா? தெரியும் என்கிறார் இப்னு சீனா. உடம்பை அறியாமலே தன்னை அறிவான்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அன்று தூணோரம் உட்கார்ந்திருந்தாள். “நான் ஊருணியில மல்லாந்து மிதப்பேன், காதுக்குள்ள தண்ணி போயிரும், ஒண்ணும் கேக்காது. அப்பவும் நான் இருக்கேன்னு தெரியும். ஆனா தண்ணி ஜில்லுன்னு இருக்குமே. ஜில்லுன்னு இல்லாட்டியும் தெரியுமா ஆச்சி?” என்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமை அங்கிருந்துதான் தொடங்குகிறோம். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்துவிடுங்கள்.