எனக்கு 52 வயது. பழைய நெஞ்செரிச்சல் உண்டு. இப்போது விழுங்கும்போது சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது. டாக்டர் எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொல்கிறார். அவசியம்தானா? வலிக்குமா?

அவசியம்தான். எண்டோஸ்கோப்பி என்பது கேமரா உள்ள மெல்லிய குழாயை வாய் வழியே விட்டு உணவுக்குழாயையும் வயிற்றையும் பார்ப்பது. 52 வயது, பழைய நெஞ்செரிச்சல், இப்போது சோறு இறங்காமல் நிற்கிறது என்கிறீர்கள். வெறும் நெஞ்செரிச்சல் என்றால் சில வாரம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லியிருப்பார். விழுங்கச் சிரமம் என்றால் விஷயம் வேறு. அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாய் தழும்பேறிக் குறுகியிருக்கிறதா, கட்டி ஏதும் இருக்கிறதா என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும். காரணமில்லாமல் எடை குறைவது, ஏன் என்றே பிடிபடாத ரத்தசோகை, ஓயாத வாந்தி ஆகியவற்றுக்கும் இதைத்தான் சொல்வார்கள். ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போல் கறுத்துப் போனாலோ தேதி வாங்கிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.)

நம்மில் பலர் எல்லாவற்றுக்கும் ‘கேஸ்’ என்று பெயர் வைத்து, மருந்துக்கடையில் பான்டோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறோம். அது எரிச்சலை அடக்கிவிடும், உள்ளே இருப்பதையும் மறைத்துவிடும். வயிற்றுப்புண்ணுக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தாலும், இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சோதனையில் ‘இல்லை’ என்று வரக்கூடும். அதனால் அந்தச் சோதனைக்கு வழக்கமாக 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்கள் நிறுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அல்சருக்குக் கிருமி காரணம் என்பதைப் பலர் ஏற்காத காலத்தில், 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் வயிற்றிலேயே எண்டோஸ்கோப்பி செய்யவைத்து அழற்சியைக் காட்டினார். அவரோடு அந்தக் கிருமியைக் கண்டறிந்த மருத்துவர் ராபின் வாரனுடன் சேர்ந்து 2005இல் நோபல் பரிசும் வாங்கினார். டாக்டர்களிலும் இப்படி ஒரு முரடர்!

இனி வலி. மயக்க ஊசி இல்லாமலும் ஊசியோடும் எனக்கு எடுத்திருக்கிறார்கள். ஊசி இல்லாதபோது பாடுபடுத்தியது குமட்டல்தான். குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிறாகப் போக வேண்டும். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்வார்கள். தொண்டையில் அடிக்கும் மருந்து கடும் கசப்பு. தொண்டை மரத்ததும் எச்சில்கூட இறங்காது போல ஒரு பீதி வரும், பயப்பட வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். குழாய் சுண்டுவிரலைவிட மெலிது. அது தொண்டையைத் தாண்டும் சில நொடிகள்தான் கஷ்டம். விழுங்கச் சொல்லும்போது விழுங்குங்கள். அதன்பிறகு எச்சிலை வெளியே வழியவிட்டு மூக்கால் நிதானமாக மூச்சு விடுங்கள். குழாய் போவது உணவுப்பாதையில். மூச்சுக்கு வழி இருக்கிறது. காற்று ஏற்றுவதால் வயிறு உப்பி ஏப்பம் ஏப்பமாக வரும், அதற்கு வெட்கப்படாதீர்கள். பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடங்களில் முடிந்துவிடும்.

சதைத்துணுக்கு கிள்ளி எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை. ‘பயாப்சி’ என்றதும் புற்றுநோய்தான் என்று நினைத்து வீட்டில் அழத் தொடங்கிவிடுவார்கள். கிருமிச் சோதனைக்கும் அதே துணுக்குதான் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

பயந்த சுபாவம் என்றால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் கூட ஒருவர் வர வேண்டும். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

முடிந்த பிறகு, தொண்டை மரப்பு போகும்வரை தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், புரையேறும். ஓரிரு நாள் தொண்டை கரகரக்கலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ கடும் வலி, காய்ச்சல், ரத்தம் என்றால் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். குழாய் பட்டு ஓட்டை விழுவது மிக அரிது, ஆனாலும் நடக்கக்கூடியது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் கேட்டுவையுங்கள். குறுகல் இருந்தால் பலூன் வைத்து விரிக்க முடியும். அதை அன்றே செய்வார்களா, வேறொரு நாள் வரச் சொல்வார்களா என்று தெரிந்தால்தான் எவ்வளவு பணம் எடுத்துப் போவது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று திட்டமிட முடியும்.