பனி வரப்போகிறது, பற்றரியை என்ன செய்வது?

ஒக்ரோபர் கடைசியில் முதல் குளிர்காற்று அடித்ததும் எனக்கு வருகிற கேள்விகள் எல்லாம் பற்றரியில்தான் வந்து நிற்கும். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் கராச்சில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். ஏப்ரலில் வெயிலைக் கண்டதும் ஆட்கள் தள்ளிக்கொண்டு வருகிற மோட்டார் சைக்கிள்களில் என்ஜின் பழுதானது அபூர்வம், பெரும்பாலும் நவம்பரில் துணி போட்டு மூடிவிட்டு மறந்துபோன பற்றரிதான். இந்த முறை கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். முதலில் வோல்ட்டும் அம்பியரும் அளக்கிற ஒரு மல்ரிமீற்றர் வாங்கி வையுங்கள். மலிவானதே போதும். அது கையில் இல்லாவிட்டால் நான் கீழே சொல்வதில் பாதி உங்களுக்கு உதவாது.

அண்ணை, நான் ஒவ்வொரு ஞாயிறும் கராச்சில ஸ்ரார்ட் பண்ணி பத்து நிமிசம் ஓட விடுறன். இது காணும்தானே? (மார்க்கம்)

காணாது தம்பி. காணாதது மட்டுமில்லை, சும்மா விட்டிருந்தால் வராத வேறு வருத்தத்தையும் நீங்களே கொண்டு வருகிறீர்கள்.

பலர் நினைப்பதுபோல ஸ்ரார்ட்டர் மோட்டர் பற்றரியை உறிஞ்சிக் குடித்துவிடுவதில்லை. அது 100 அம்பியர் அளவில் மூன்று விநாடி இழுத்தாலும் கணக்குப் பார்த்தால் 0.1 அம்பியர்-மணி (பற்றரி கொள்கிற சார்ஜை அளக்கிற அலகு) கூட வராது. ஆனால் அந்தச் சின்னக் கடனைக்கூட நின்ற இடத்தில் ஓடுகிற என்ஜின் ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பதில்லை. குறைந்த வேகத்தில் ஓல்ற்றனேற்றர் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தருகிற பாகம்) தருவது ஹெட்லைற்றுக்கும் பெற்றோல் பம்புக்கும் இக்னிஷனுக்குமே சரியாகப் போய்விடும், கைப்பிடிச் சூட்டையும் போட்டுவிட்டீர்கள் என்றால் பற்றரியில் இருந்துதான் போகும். குளிர்ந்துபோன பற்றரி சார்ஜை வாங்கிக்கொள்வதும் மெதுவாகத்தான். ஆக, அந்தப் பத்து நிமிடத்தில் பற்றரிக்குப் போய்ச் சேர்வது ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை தண்ணீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உருவாகும். என்ஜின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகப் போய்விடும், பத்து நிமிடத்தில் போகாது, குளிர்ந்த சைலன்சருக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் இறங்கி நிற்கும். போன வருடம் இப்படி ஞாயிறு தவறாமல் ஸ்ரார்ட் பண்ணின ஒருவரின் எண்ணெய் மூடியைத் திறந்து காட்டினேன், மூடியின் உள்பக்கம் பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை அப்பிப்போய் இருந்தது. மனுசன் பேச்சே இல்லை. ஓடுவதென்றால் காய்ந்த தெருவில் அரை மணித்தியாலமாவது ஓடுங்கள். இல்லையென்றால் ஸ்ரார்ட் பண்ணவே வேண்டாம், சார்ஜரைக் கொழுவிவிட்டுச் சும்மா விடுங்கள்.

இங்கே மைனஸ் 30க்குப் போகும். எங்கள் கராச்சுக்கு ஹீற்றர் இல்லை. பற்றரி உறைந்துவிடுமா? (கல்கரி)

பற்றரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உள்ளே இருப்பது சல்பூரிக் அசிட்டும் தண்ணீரும். சார்ஜ் இறங்க இறங்க அசிட் ஈயத் தட்டுகளுக்குள் போய்விடும், மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர். அதனால் முழுச் சார்ஜில் உள்ள பற்றரி மைனஸ் 50 வரைக்கும் உறையாது, பாதிச் சார்ஜில் மைனஸ் 20, 25 அளவில் உறையத் தொடங்கும், முற்றாக இறங்கியது மைனஸ் 10க்கு முன்னமே கட்டியாகிவிடும். ஒரே பற்றரி, ஒரே கராச், ஒன்று தப்பும், மற்றது வெடிக்கும்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். கனடா வந்த முதல் குளிர்காலம், பழைய 750 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வீட்டுக்குப் பின்னால் துணி போட்டு மூடி வைத்தேன். யாழ்ப்பாணத்தில் பற்றரிக்குக் குளிர் பிடிக்கும் என்று யார் சொல்லித் தந்தார்கள்? பெப்ரவரியில் இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் பற்றரிப் பெட்டி சோறு பொங்கின பானை மாதிரி இரண்டு பக்கமும் வீங்கி, ஒரு மூலையில் நீளமாக வெடித்திருந்தது. அப்போதும் சார்ஜ் ஏற்றிப் பார்ப்போம் என்றுதான் யோசித்தேன். நல்ல காலம், செய்யவில்லை. உறைந்த பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினால் அது வெடிக்கவும் கூடும். வீங்கியிருந்தால் தொடாமல் மாற்றிவிடுங்கள். வீங்கவில்லை, ஆனால் உறைந்திருக்குமோ என்று சந்தேகம் என்றால் உள்ளே கொண்டுவந்து ஒரு நாள் விட்டு, வெடிப்பு இருக்கிறதா, கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சார்ஜரைக் கொழுவ வேண்டும்.

மீற்றரில் பார்க்கிற கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சார்ஜரைக் கழற்றி ஒரு இரவு விட்டுப் பார்த்தால் 12.7 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால். ஏஜிஎம் வகை (அசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊறவைத்து மூடிய ஈயப் பற்றரி) நிறைந்திருந்தால் 12.8, 12.9 காட்டும். எனவே "12 வோல்ட் பற்றரி, 12 வோல்ட் காட்டுது, நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லாதீர்கள். அது முக்கால்வாசி பட்டினியில் இருக்கிறது.

நான் இருப்பது அடுக்குமாடிக் கொண்டோ. நிலக்கீழ் பார்க்கிங்கில் பிளக் இல்லை. சோலார் தகடு வைக்கலாமா?

நிலக்கீழ் பார்க்கிங்கில் சூரியன் எங்கே தங்கச்சி? வெளியே நிறுத்துகிறவர்களுக்கும் டிசம்பரில் நான் அதை நம்பச் சொல்லமாட்டேன், பனி மூடிய தகடு ஒன்றும் தராது. கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள் பற்றரி மூன்று நான்கு கிலோதான், லிப்டில் ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம். அலமாரியில் நிமிர்த்தி வைத்து, மாதத்துக்கு ஒரு முறை ஒரு இரவு சார்ஜ் ஏற்றினால் ஏப்ரல் வரைக்கும் கவலை இல்லை.

கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், சிவப்பு பிறகு. பூட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசி. காரணம் இதுதான்: மோட்டார் சைக்கிளின் இரும்புச் சட்டம் முழுவதும் கறுப்போடு இணைந்தது. கறுப்பு இருக்கும்போதே சிவப்பைக் கழற்றி ஸ்பானர் சட்டத்தில் முட்டியது என்றால் வெல்டிங் பார்த்தது போலப் பொறி பறக்கும். என் பழைய 10 மில்லிமீற்றர் ஸ்பானரின் வாயில் ஒரு பல் உருகிப்போய் இருக்கிறது, நான் தொழில் பழகின காலத்து ஞாபகம். நட்டுகளை ஒரு பையில் போட்டு பற்றரியோடேயே கட்டி வையுங்கள், ஐந்து மாதம் கழித்து எங்கே வைத்தோம் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று அப்பா சொல்கிறார்.

அப்பா சொன்னது அவர் காலத்துக்குச் சரி. அந்தக் காலத்துப் பெட்டிகள் மரத்திலும் கெட்டி ரப்பரிலும் செய்தவை, ஈரம் பட்டால் மெல்லிய கசிவு ஓடும். இப்போது எல்லாம் பிளாஸ்ரிக். எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். அப்பாவோடு வாதாட வேண்டாம், கீழே ஒரு பலகைத் துண்டை வைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

என்னிடம் காருக்கு வாங்கிய 10 அம்பியர் சார்ஜர் இருக்கிறது. அதுவே போதுமா, இல்லை புதிதாக வாங்க வேண்டுமா? (பிராம்ப்ரன்)

வாங்குங்கள். பற்றரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் நல்ல கணக்கு: 10 அம்பியர்-மணி பற்றரிக்கு 1 அம்பியர். பத்தை ஏற்றினால் பற்றரி சூடாகும், தண்ணீர் கொதித்துப் போகும்.

கடையில் கேட்கும்போது இன்னொரு விஷயம். பழைய காலத்து "ட்ரிக்கிள்" சார்ஜர் நிறைந்த பிறகும் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இருக்கும், அதைக் கொழுவிவிட்டு மறந்தால் வசந்தத்தில் காய்ந்த பற்றரிதான் கிடைக்கும். உங்களுக்குத் தேவை தானாகக் கட்டுப்படுத்துகிற வகை. அது 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி நிரப்பிவிட்டு, பிறகு 13.2க்கும் 13.8க்கும் இடையில் இறங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். பற்றரி ரெண்டர், சுவீடனின் சீரெக், பெல்ஜியத்தின் ஒப்ரிமேற், நோகோ எல்லாம் இந்த வகையில் சாமான் விற்கிறார்கள். எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. கூட வருகிற வளைய வயரைப் பற்றரியில் நிரந்தரமாகப் பூட்டி, நுனியை இருக்கைக்கு வெளியே விட்டுவிட்டால் பிறகு கொழுவுவது ஐந்து விநாடி வேலை. அந்த வயரில் பியூஸ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றுகிற வகைப் பற்றரி என்றால் காய்ச்சி வடித்த நீர் மட்டும், அதுவும் சார்ஜ் ஏறிய பிறகு கோட்டளவுக்கு. தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் முதலிலேயே கொஞ்சம் ஊற்றுங்கள். அசிட் ஊற்றவே வேண்டாம். மூடி திறக்காத வகையைத் திறக்கப் பார்க்கவும் வேண்டாம்.

லித்தியம் பற்றரி போட்டிருக்கிறேன். இதே முறைதானா? (ஒஸ்லோ)

இல்லை. லித்தியம் தானாக இறங்குவது மிகக் குறைவு, கறுப்பு வயரைக் கழற்றிவிட்டால் பல மாதம் அப்படியே நிற்கும். ஓய்வில் 13.2, 13.3 காட்டும். இந்த வகையில் 12.8க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி என்று அர்த்தம், ஈயப் பற்றரிக் கணக்கை இங்கே போடாதீர்கள்.

பூச்சியத்துக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பற்றரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து சூடானதும் ஏற்றுங்கள். ஈயத் தட்டில் கட்டிப்படுகிற சல்பேற்றைக் கரைக்கிற செற்றிங் உள்ள ஈயப் பற்றரிச் சார்ஜரைக் கொழுவ வேண்டாம், அந்த வோல்ட்டை லித்தியம் தாங்காது. அப்புறம், குளிர்ந்த காலையில் முதல் முறை ஸ்ரார்ட்டர் முனகினால் பயப்படாதீர்கள், ஹெட்லைற்றை ஒரு நிமிடம் போட்டு விட்டுத் திரும்ப அடியுங்கள், பற்றரி தானே சூடாகி உற்சாகமாகிவிடும். ஈயப் பற்றரிக்கு இதைச் செய்தால் இருக்கிறதும் போய்விடும்.

புதுப் பற்றரி, நிறையச் சார்ஜ் ஏற்றி நிறுத்தினேன். ஐந்து கிழமையில் செத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (அஜாக்ஸ்)

அவசரப்பட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் கடிதத்தில் நடுவில் ஒரு வரி: "களவு போகாமல் இருக்க ட்ராக்கர் பூட்டியிருக்கிறேன்." அதுதான் ஆள்.

திறப்பை எடுத்த பிறகும் மணிக்கூடு, அலாரம், ட்ராக்கர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 5 மில்லிஅம்பியர் என்றால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஒரு நாளைக்கு 0.12 அம்பியர்-மணி, மாதத்துக்கு 3.6. உங்களுடையது 9 அம்பியர்-மணி பற்றரி, ஐந்து ஆறு கிழமையில் பாதி காலி. ட்ராக்கர் இதைவிடக் கூடவே குடிக்கும்.

அளந்து பார்ப்பது இப்படி: திறப்பை எடுத்துவிட்டுக் கறுப்பு வயரைக் கழற்றுங்கள். மீற்றரை 10 அம்பியர் செற்றிங்கில் வைத்து ஒரு முனையைக் கழற்றிய வயரிலும் மறு முனையைப் பற்றரியின் மைனஸிலும் தொடுங்கள். சில நிமிடம் பொறுங்கள், கணினிகள் தூங்கப் போக நேரம் எடுக்கும். எண் சின்னதாக இருந்தால் மில்லிஅம்பியருக்கு மாற்றிப் பாருங்கள். மீற்றர் இடையில் இருக்கும்போது தவறிக்கூடத் திறப்பைப் போட்டுத் திருப்பாதீர்கள், மீற்றரின் பியூஸ் போய்விடும். இரண்டு மூன்று மில்லிஅம்பியருக்கு மேல் நின்றால் குளிர்காலத்துக்கு ஒன்றில் சார்ஜர், அல்லது கறுப்பு வயரைக் கழற்றிவிடுவது. ட்ராக்கரும் வேலை செய்ய வேண்டும் என்றால் சார்ஜர்தான்.

மீற்றர் 12.7 காட்டுகிறது, ஸ்ரார்ட் அமத்தினால் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும்.

ஸ்ரார்ட்டை அமத்திக்கொண்டே மீற்றரைப் பாருங்கள். 9.5க்குக் கீழே விழுந்தால் பற்றரி முடிந்தது. பட்டினி கிடந்த தட்டுகளில் சல்பேற் கட்டிப்பட்டுவிட்டால் வோல்ட் காட்டும், ஆனால் வேலைக்கு வராது. விழவே இல்லை, 12.5இல் நிற்கிறது என்றால் பற்றரியை மாற்றாதீர்கள், வயர் முனையில் துரு, அல்லது ஸ்ரார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிற ரிலே பழுது. முனையைச் சுரண்டித் துடைத்து இறுக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

மாமா, நாங்கள் வருடம் ஒருமுறை ஊருக்குப் போறனாங்கள். கோண்டாவிலில் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அங்கே குளிர் இல்லையே, ஏன் ஒவ்வொரு முறையும் பற்றரி போகிறது?

குளிர் இல்லாததால்தான் மருமகன். பற்றரி தானாக இறங்குகிற வேகம் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பூச்சியத்தில் நிற்கிற என் கராச்சுப் பற்றரியையும் 30 பாகையில் நிற்கிற உங்கள் கோண்டாவில் பற்றரியையும் ஒப்பிட்டால் எட்டு மடங்கு வித்தியாசம். இங்கே ஒரு குளிர்காலம் முழுவதும் தாங்குகிறது அங்கே ஒரு மாதத்தில் போய்விடும். பதினொரு மாதம் சும்மா நின்றால் என்ன மிஞ்சும்?

1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பற்றரியே வராது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டோம். இப்போது சந்திக்குச் சந்தி கடை இருக்கிறது, ஆனாலும் வருடத்துக்கு ஒன்று வாங்கி எறிவது வீண் செலவு. வெளிக்கிடுகிற அன்று கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியைச் சந்தியில் தெரிந்த கராச்சுக்காரரிடம் கொடுத்து, அவருடைய பழைய ஸ்கூட்டியில் பூட்டி ஓடச் சொல்லுங்கள். அளவு பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஒரு பற்றரி மிச்சம், நீங்கள் இறங்குகிற அன்று உங்களுடையது சூட்டோடு வந்து சேரும்.