நாய், பூனை முடிக்கு எந்த வேக்குவம் கிளீனர்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு லாப்ரடார் நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. சிமென்ட் தரை, கூடத்தில் ஜமக்காளமும் துணி உறை போட்ட சோபாவும் உண்டு. எத்தனை முறை பெருக்கினாலும் முடி தீரவில்லை. மாமியாருக்கு வீசிங் வேறு இருக்கிறது. சேலம் ஐந்து ரோட்டில் விசாரித்தபோது, ஒரு கடைக்காரர் வாட் அதிகமுள்ள டிரம் மாடலைக் காட்டினார். இன்னொருவர் ரோபோ போதும் என்றார். எதை வாங்குவது?
– வாசகி, ஏற்காடு

பதில்: வாட் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறதே தவிர, முடியை எவ்வளவு நன்றாக எடுக்கும் என்பதை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் வேக்குவம் கிளீனர்களுக்கு 2014இல் 1600 வாட், 2017இல் 900 வாட் என்று உச்ச வரம்பே விதித்தது. அதற்கு உட்பட்டே நன்றாக உறிஞ்சும் இயந்திரங்கள் அங்கே விற்பனையாகின்றன.

உங்கள் வீட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது, தரையைத் தொடும் பிரஷ் பகுதி. லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு முடி. அதில் மேலடுக்கு முடி குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் ஜமக்காளத்தின் நெசவுக்குள் குத்திக்கொண்டு நிற்கும். காற்றை உறிஞ்சுவதால் மட்டும் அது வெளியே வராது. தனி மோட்டாரில் சுழலும் உருளை பிரஷ் அதைக் கிளறி எடுக்க வேண்டும். டிரம் மாடல்கள் பலவற்றில் சுழலாத சாதாரண பிரஷ்தான் வருகிறது என்பதால், கேட்டு உறுதி செய்யுங்கள். சிமென்ட் தரையில் விறைப்பான உருளை முடியை எடுப்பதற்குப் பதிலாகச் சிதறடிக்கும் என்பதால், அதை நிறுத்தும் வசதியும் வேண்டும். உருளையில் முடி சுற்றிக்கொள்வதைத் தவிர்க்க முடியாது. ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கழற்றி முடியை எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். சோபாவுக்கு இதே போன்ற சிறிய மோட்டார் பிரஷ் உடன் வந்தால் நல்லது.

உங்கள் மாமியாரின் மூச்சிரைப்பை நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் முடி அல்ல, விலங்கின் எச்சிலிலும் உதிரும் தோல் செதில்களிலும் உள்ள புரதங்கள். குறிப்பாகப் பூனையின் புரதம் மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டு காற்றில் வெகுநேரம் மிதக்கும். வடிகட்டி சரியில்லாத இயந்திரம் முன்புறம் முடியை எடுத்துக்கொண்டு, பின்புறம் இந்தத் துகள்களை அறைக்குள்ளேயே ஊதிவிடும். ஆகவே மிக நுண்ணிய துகள்களையும் பிடித்துக்கொள்ளும் எச்13 தர ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஹெப்பா போன்றது' என்ற சொற்களை நம்ப வேண்டாம். ஃபில்டர் நல்லதாக இருந்தாலும் இயந்திரத்தின் இணைப்புகளில் காற்று கசிந்தால் பயனில்லை என்பதால், முழுவதும் அடைக்கப்பட்ட அமைப்பா என்றும் கேளுங்கள். தூசி சேரும் பை இல்லாத மாடலில் தொட்டியைக் கொட்டும்போது தூசி மேலெழும். உங்கள் வீட்டுக்குப் பை வைத்த மாடலே பொருத்தம். மாற்றுப் பைகள் சேலத்தில் கிடைக்கின்றனவா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்து, சிலவற்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். சுத்தம் செய்யும்போதும் அதன் பிறகு சிறிது நேரமும் மாமியார் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கென்று ஒரு சங்கதி உண்டு. கழுவக்கூடிய ஃபில்டர்கள் காய ஒரு நாளாவது ஆகும். மழையும் பனிமூட்டமும் உள்ள மாதங்களில் உங்கள் ஊரில் அதற்கு மேலும் ஆகும். ஈரத்தோடு திரும்பப் பொருத்தினால் வாடை வரும், பூஞ்சை பிடிக்கும்; அந்தப் பூஞ்சையே வீசிங்கைத் தூண்டிவிடும். கூடுதலாக ஒரு ஃபில்டர் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பழுதானால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே கொண்டுபோக வேண்டியிருக்கும் என்பதால், சேலத்திலேயே சர்வீஸ் சென்டரும் உதிரி பாகங்களும் உள்ள கம்பெனியாகப் பாருங்கள்.

ரோபோ அன்றாட முடியைக் குறைக்கும், ஆனால் சோபாவில் ஏறாது. உயரமான நிலைப்படியையும் தாண்டாது. நாய் வீட்டுக்குள் அசுத்தம் செய்திருந்தால் அதை வீடு முழுவதும் இழுத்துப் பூசிவிடும். பேட்டரி மாடல்கள் பலவும் முழு வேகத்தில் பத்து நிமிடம் போலத்தான் ஓடும். ஆகவே வயர் உள்ள, பை வைத்த, எச்13 ஃபில்டரும் மோட்டார் பிரஷும் கொண்ட ஒன்றைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் பையில்லாததை வாங்கி, தொட்டியை வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து கொட்டுங்கள். நாயை வாரம் இரண்டு மூன்று முறை வாசலில் வைத்து, உள்ளடுக்கு முடியை எடுக்கும் சீப்பால் வாரிவிட்டால் இயந்திரத்தின் வேலை நன்றாகக் குறையும்.

கேள்வி: வேக்குவம் கிளீனரை எடுத்தாலே எங்கள் பொமரேனியன் குரைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: சில நாள்கள் இயந்திரத்தை ஓடவிடாமல் கூடத்தில் வைத்து, அது தானாக வந்து முகர விடுங்கள். பிறகு வேறொரு அறையில் கதவைச் சாத்தி ஓடவிட்டு, அந்த நேரத்தில் அதற்குப் பிடித்த தீனியைக் கொடுங்கள். பயம் குறையக் குறையத் தூரத்தையும் குறைக்கலாம். கட்டிலுக்கு அடியில் இருக்கும்போது பிரஷை அங்கே நீட்டாதீர்கள்.